மதுரை வட்டாரக் கற்களில் ஃபெல்ட்ஸ்பாரை இனம் காண்பது எப்படி?

ஒத்தக்கடையிலோ மேலூரிலோ ஏதாவது ஒரு கருங்கல் வாசல்படியைக் குனிந்து பாருங்கள். அதில் பெரும்பங்கு ஃபெல்ட்ஸ்பார்தான். சமையல் மேடைக்குப் போடும் கிரானைட், ரோட்டு ஜல்லி, கட்டட வேலைக்குக் கொட்டிக் கிடக்கும் எம்-சாண்ட், வைகை மணல் என்று எல்லாவற்றிலும் இது உண்டு. பூமியின் மேலோட்டில் மிக அதிகமாக இருக்கும் கனிமக் குடும்பமே இதுதான். ஆனாலும் கல் பார்க்கப் பழகுகிறவர்கள் முதலில் தடுமாறுவது இதில்தான். காரணம், நிறத்தை வைத்துத் தேடுகிறார்கள். ஃபெல்ட்ஸ்பார் வெள்ளையாக வரும், இளஞ்சிவப்பாக வரும், சாம்பலாக, பச்சையாக, கிட்டத்தட்டக் கறுப்பாகக்கூட வரும். மாறாமல் இருப்பது அது உடையும் விதம். அதனால் இங்கே சொல்லியிருக்கும் படிகளில் பெரும்பாலானவை உடைந்த முகத்தைப் பார்ப்பது பற்றியவை.

குடும்பத்தை மட்டும் முன்னாடியே தெரிந்துகொள்ளுங்கள். அலுமினியம், சிலிக்கான், ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்த ஒரு சட்டகம் எல்லா ஃபெல்ட்ஸ்பாருக்கும் பொது. அந்தச் சட்டகத்தின் இடைவெளிகளில் பொட்டாசியம் இருந்தால் அது பொட்டாஷ் ஃபெல்ட்ஸ்பார்: ஆர்த்தோகிளேஸ், மைக்ரோகிளைன், சானிடைன். சானிடைன் எரிமலைப் பாறையில் வருவது, நம் பக்கம் அதைத் தேட வேண்டாம். சோடியமும் கால்சியமும் இருந்தால் அது பிளாஜியோகிளேஸ். முழுக்க சோடியம் என்றால் ஆல்பைட், முழுக்க கால்சியம் என்றால் அனார்த்தைட். இடையில் கால்சியத்தின் பங்கு 10, 30, 50, 70, 90 சதவீதம் ஆகும் இடங்களில் எல்லை பிரித்து ஒலிகோகிளேஸ், ஆண்டிசைன், லாப்ரடோரைட், பைட்டோனைட் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இந்த உட்பிரிவுகளை வெறும் கண்ணால் பிரிக்க முடியாது. பொட்டாஷா, பிளாஜியோகிளேஸா என்று சொல்ல வந்துவிட்டால், தொடக்கக்காரருக்கு அதுவே பெரிய தேர்ச்சி.

கையில் இருக்க வேண்டியவை

பத்து மடங்கு பெருக்கும் மடக்கு லென்ஸ் ஒன்று. இதில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம். விலை குறைந்த இருபது, முப்பது மடங்கு லென்ஸ்களில் பார்வைப் பரப்பும் வெளிச்சமும் குறைந்து எதுவும் தெரியாது. ஒரு சாதாரண இரும்பு ஆணி, ஒரு கண்ணாடித் துண்டு, கூர்முனை உள்ள வெங்கச்சங்கல் (குவார்ட்ஸ்) ஒன்று, ஒரு எலுமிச்சம்பழம், 0.1 கிராம் வரை காட்டும் சிறிய டிஜிட்டல் தராசு, தையல் நூல், தண்ணீர் பாட்டில், பழைய செய்தித்தாள், அழியாத மார்க்கர் பேனா. கல்லை உடைக்க அரை கிலோவிலிருந்து முக்கால் கிலோ வரை எடையுள்ள, கல் வேலைக்கென்றே செய்த சுத்தியல். ஆணி பிடுங்கும் சுத்தியல் வேண்டாம். அதைக் கல்லில் அடித்தால் இரும்பே சில்லாகத் தெறிக்கும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம், ஒரே ஒரு அடி என்றாலும்.

படி 1: கடைத் துண்டுகளிலிருந்து தொடங்குங்கள்

முதல் நாளே மலைக்குப் போக வேண்டாம். மலையின் மேல்தோல் வெயிலிலும் மழையிலும் சிதைந்திருக்கும். கனிமங்களை அதில் பார்த்துப் பழகுவது கடினம். கிரானைட் அறுத்து விற்கும் கடையில் வெட்டி ஒதுக்கிய துண்டுகள் குவிந்து கிடக்கும். கேட்டால் பெரும்பாலும் எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். நாலு வகை கேளுங்கள். இளஞ்சிவப்பு கலந்த கிரானைட் ஒன்று, வெள்ளையில் சிவப்புப் புள்ளி வரும் காஷ்மீர் ஒயிட் ஒன்று (பெயரில்தான் காஷ்மீர், கல் மதுரைப் பக்கத்தது, அந்தச் சிவப்புப் புள்ளிகள் கார்னெட் என்ற வேறு கனிமம்), பச்சை கலந்த சாம்பல் நிறச் சார்னோகைட் ஒன்று, கறுப்பு கிரானைட் ஒன்று.

ஒவ்வொரு துண்டிலும் இரண்டு பக்கங்கள் உங்களுக்கு வேண்டும். பாலீஷ் போட்ட முகம் கனிமங்களின் வடிவத்தையும் எல்லைகளையும் காட்டும். உடைந்த விளிம்பு பிளவைக் காட்டும். உடைந்த விளிம்பு இல்லாவிட்டால் துண்டைச் சாக்கில் சுற்றித் தரையில் வைத்து ஒரு மூலையில் அடித்து உடையுங்கள். சாக்கு சில்லுகளைப் பிடித்துக்கொள்ளும்.

படி 2: குவார்ட்ஸிலிருந்து பிரித்தெடுப்பது

காலை எட்டு, ஒன்பது மணி வெயில் இதற்கு ஏற்றது, மாலை நாலு மணிக்கு மேலும் சரி. உச்சி வெயிலில் எல்லாப் பரப்பும் ஒரேயடியாகக் கூசும், வித்தியாசம் தெரியாது. சூரியன் உங்கள் தோளுக்குப் பின்னால் இருக்கட்டும். லென்ஸைக் கண்ணோடு ஒட்டி வையுங்கள். கல்லை லென்ஸுக்கு இரண்டரை சென்டிமீட்டர் தூரத்துக்குக் கொண்டு வாருங்கள். லென்ஸைக் கல்லின்மேல் வைத்துத் தூரத்திலிருந்து எட்டிப் பார்ப்பதுதான் புதியவர்கள் எல்லோரும் செய்யும் முதல் தவறு.

இப்போது கல்லை விரல்களுக்கிடையில் மெல்லத் திருப்புங்கள். ஒரு குறிப்பிட்ட கோணத்தில் சில மணிகள் மொத்தமாகப் பளிச்சிட்டு, சற்றுத் திருப்பியதும் மொத்தமாக அணைந்துவிடும். தட்டையான பரப்பு உள்ளவை அவை. அதுதான் பிளவுத்தளம். ஃபெல்ட்ஸ்பாருக்கு நல்ல பிளவுத்தளங்கள் இரண்டு, அவை ஒன்றுக்கொன்று ஏறத்தாழ 90 டிகிரியில் சந்திக்கும். அதனால் உடைந்த ஃபெல்ட்ஸ்பாரில் செங்கோணப் படிகள் தெரியும். குவார்ட்ஸுக்குப் பிளவே கிடையாது. அது வளைந்து குழிந்து உடையும், எண்ணெய் தடவிய மாதிரிப் பளபளப்பு அங்கங்கே தெரியுமே தவிர, ஒரு மணி முழுதும் ஒரே நேரத்தில் மின்னாது.

அரை மணி நேரம் இதை மட்டும் செய்யுங்கள். வேறு எந்தச் சோதனையும் இந்தப் பழக்கத்துக்கு ஈடாகாது. பிறகு அப்பிரகத்தையும் விலக்கிவிடலாம்: காக்காப்பொன் என்று ஊரில் சொல்வது அதுதான். அதுவும் பளிச்சென்று மின்னும், ஆனால் ஆணி முனையால் நெம்பினால் ஏடு ஏடாக உரியும். ஃபெல்ட்ஸ்பார் உரியாது.

படி 3: கீறிப் பார்ப்பது

ஃபெல்ட்ஸ்பாரின் கடினத்தன்மை மோஸ் அளவில் (எது எதைக் கீறும் என்று சொல்லும் 1 முதல் 10 வரையான அளவு) 6 முதல் 6.5. இரும்பு ஆணி ஏறத்தாழ 5-க்குள், கண்ணாடி 5.5, குவார்ட்ஸ் 7. ஆகவே ஆணி ஃபெல்ட்ஸ்பாரைக் கீறக் கூடாது, ஃபெல்ட்ஸ்பார் கண்ணாடியைக் கீற வேண்டும், வெங்கச்சங்கல் ஃபெல்ட்ஸ்பாரைக் கீற வேண்டும். மூன்றும் ஒத்து வந்தால்தான் நம்புங்கள்.

இதில் மூன்று இடங்களில் ஏமாறுவார்கள். ஒன்று, ஆணி இழுத்த இடத்தில் சாம்பல் நிறக் கோடு விழும். கீறிவிட்டது என்று நினைப்போம். ஈர விரலால் துடையுங்கள். போய்விட்டால் அது கல்லில் ஒட்டிய இரும்பு, கீறல் அல்ல. இரண்டு, கிரானைட்டின் மூலையால் கண்ணாடியைக் கீறும்போது அந்த மூலையில் இருப்பது குவார்ட்ஸ் மணியாக இருக்கலாம். எந்த மணி கண்ணாடியில் படுகிறது என்று லென்ஸில் பார்த்துவிட்டுக் கீறுங்கள். மூன்றாவதுதான் பெரியது: சிதைந்த ஃபெல்ட்ஸ்பார். மழைநீரில் கரைந்த கார்பன் டை ஆக்சைடு அதை லேசான அமிலமாக்குகிறது. அந்தத் தண்ணீர் நீண்ட காலம் பட்டுக்கொண்டே இருந்தால் பொட்டாசியமும் சோடியமும் கால்சியமும் கரைந்து வெளியேறி, மிச்சம் கயோலின் என்ற வெள்ளைக் களிமண்ணாகிவிடும். அப்படிப் பாதி மாறிய கல்லை நகத்தாலேயே கீறலாம். பளபளப்பும் இருக்காது, சுண்ணாம்பு பூசியது போல் மங்கிக் கிடக்கும். அதன்மேல் வாயால் ஆவி ஊதி முகர்ந்தால் மண்வாசனை வரும். அந்த வாசனை வந்தால் அந்த முகத்தில் எந்தச் சோதனையும் செய்யாதீர்கள். உள்ளே புதிய முகம் கிடைக்கும்வரை உடையுங்கள்.

வெள்ளையாக, தட்டைத் தட்டையாக உடையும் வேறொரு கல் கால்சைட். விருதுநகர் மாவட்டம் பந்தல்குடிப் பக்கத்துப் படிகச் சுண்ணாம்புக்கல்லை முதன்முதலில் பார்க்கிறவர்கள் ஃபெல்ட்ஸ்பார் என்றே எழுதிவிடுவார்கள். ஆணியால் சுரண்டிப் பாருங்கள், பொடி உதிரும் (கடினத்தன்மை 3). அந்தப் பொடிமேல் இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு லென்ஸில் பார்த்தால் நுரைக்குமிழ்கள் எழும். ஃபெல்ட்ஸ்பாரில் ஒன்றும் நடக்காது. கழிவறை கழுவும் அமிலத்தைக் கொண்டு இதைச் செய்ய வேண்டாம், எலுமிச்சை போதும். சோதனையைப் புதிதாக உடைந்த முகத்தில் செய்யுங்கள். நம் ஊர்ப் பாறை இடுக்குகளில் சுக்கான் (சுண்ணாம்புப் படிவு) படிந்திருக்கும். அதுவே நுரைத்துக் குழப்பிவிடும்.

படி 4: பொட்டாஷா, பிளாஜியோகிளேஸா?

இங்கேதான் பொறுமை வேண்டும். இளஞ்சிவப்பு என்றால் பொட்டாஷ், வெள்ளை என்றால் பிளாஜியோகிளேஸ் என்று பலர் சொல்லிக்கொடுப்பதை முழுவதும் ஏற்காதீர்கள். அந்தச் சிவப்பு, ஃபெல்ட்ஸ்பாருக்குள் தூசியாகச் சிதறிய ஹெமடைட் என்ற இரும்பு ஆக்சைடால் வருவது. ஒரே பாறையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்போது சிவந்தது பொட்டாஷாக இருக்கும் வாய்ப்பு அதிகம், அவ்வளவுதான். வெள்ளைப் பொட்டாஷ் ஃபெல்ட்ஸ்பார் நம் பக்கம் ஏராளம்.

உறுதியான அடையாளம் வரிக்கோடுகள். பிளாஜியோகிளேஸ் வளரும்போதே மெல்லிய இரட்டைப் படிகத் தகடுகளாக, ஒன்று இப்படியும் அடுத்தது அப்படியும் மாறி மாறி அடுக்கி வளர்கிறது. நல்ல பிளவுத்தளத்தில் அந்தத் தகடுகளின் விளிம்புகள், மூடிய நோட்டுப் புத்தகத்தின் பக்கவாட்டில் தெரியும் தாள்களைப் போல் நேரான, இணையான, மிக நெருக்கமான கோடுகளாகத் தெரியும். பார்க்கும் முறை: லென்ஸில் ஒரு பிளவுத்தளத்தை மின்ன வையுங்கள். மின்னும் நிலையிலிருந்து ஓரிரு டிகிரி மட்டும் முன்னும் பின்னும் அசையுங்கள். கோடு இருந்தால் பரப்பு முழுவதும் அணையாமல், வரி வரியாக அணைந்து எரியும். இரண்டு பிளவுத்தளங்களில் ஒன்றில்தான் இது தெரியும். ஒன்றைப் பார்த்துவிட்டு இல்லை என்று முடிவு கட்டாமல் மற்றதையும் பாருங்கள்.

கோடு இருந்தால் பிளாஜியோகிளேஸ், சந்தேகமே இல்லை. கோடு இல்லாவிட்டால் எதுவும் நிரூபணம் ஆகவில்லை. ஆழத்தில் வெந்து மீண்டும் படிகமான நம் வட்டாரப் பாறைகளில் கோடே இல்லாத பிளாஜியோகிளேஸ் மணிகள் சாதாரணம். இதை மறந்தால் பெட்டியில் இருக்கும் கல்லெல்லாம் ஆர்த்தோகிளேஸ் ஆகிவிடும்.

பொட்டாஷ் ஃபெல்ட்ஸ்பாருக்கு இரண்டு சாட்சிகள் உண்டு. முதலாவது பெர்த்தைட். வெப்பமாக இருக்கும்போது பொட்டாசியமும் சோடியமும் ஒரே படிகத்தில் கலந்திருக்கும். மெல்ல ஆறும்போது சேர்ந்திருக்க முடியாமல் இரண்டு ஃபெல்ட்ஸ்பார்களாகப் பிரிந்துவிடும். பாலீஷ் போட்ட இளஞ்சிவப்புத் துண்டை நனைத்துப் பார்த்தால் ஒரே படிகத்துக்குள் வெள்ளை இழைகள் நெளிநெளியாக ஓடுவது தெரியும். வரிக்கோட்டோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். பெர்த்தைட் இழை வளையும், கிளைக்கும், தடிமன் மாறும், எந்தக் கோணத்தில் பார்த்தாலும் தெரியும். வரிக்கோடு அளவுகோல் வைத்த நேர்த்தியில் இருக்கும், திருப்பினால் மறையும். மதுரைப் பக்கத்துப் பாறைகள் பூமிக்குள் மிக ஆழத்தில் வெந்தவை. 55 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் நடந்த அந்தக் கடைசிப் பெரும் வெப்பத்தில் கெங்குவார்பட்டி போன்ற இடங்களில் 900 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கிறது. அதன்பின் மெதுவாகவே ஆறின. பெர்த்தைட் இங்கே இவ்வளவு தாராளமாகக் கிடைப்பதன் காரணம் அதுதான்.

இரண்டாவது சாட்சி கார்ல்ஸ்பாட் இரட்டை. பெரிய நீள்சதுரப் படிகம் ஒன்றைத் திருப்பும்போது அதன் ஒரு பாதி மட்டும் மின்னும். இன்னும் திருப்பினால் அந்தப் பாதி அணைந்து மறுபாதி மின்னும். நடுவே நேராக ஒரே ஒரு எல்லைக்கோடு. ஆர்த்தோகிளேஸிலும் மைக்ரோகிளைனிலும் இது அடிக்கடி வரும். பிளாஜியோகிளேஸிலும் வரும் என்பதால் இதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். வரிக்கோடு இல்லை என்பதோடு சேர்த்துப் பாருங்கள்.

ஆர்த்தோகிளேஸையும் மைக்ரோகிளைனையும் கைக்கல்லில் பிரிக்க நம்பகமான வழி இல்லை. மெல்லிய சீவலை நுண்ணோக்கியில் முனைவாக்கிய ஒளியில் பார்த்தால் மைக்ரோகிளைனில் கட்டம் போட்ட துணிபோன்ற கோலம் தெரியும். வீட்டில் எழுதும்போது "பொட்டாஷ் ஃபெல்ட்ஸ்பார்" என்று எழுதினால் போதும், அதுதான் நேர்மையும்கூட. ஆய்வகத்தில் ஹைட்ரோபுளோரிக் அமிலத்தால் கல்லை அரித்துச் சாயமேற்றிப் பொட்டாஷ் ஃபெல்ட்ஸ்பாரை மஞ்சளாக்கும் முறை உண்டு. அந்த அமிலம் தோலில் பட்டால் உள்ளே இறங்கி எலும்புவரை பாதிக்கும், உயிரையும் எடுக்கும். வீட்டில் யாரும் அதைத் தொடக் கூடாது.

படி 5: தராசு சொல்லும் பதில்

ஒரே கனிமமாக 30 முதல் 60 கிராம் எடையுள்ள துண்டு கிடைத்தால் அடர்த்தியைப் பார்க்கலாம். கலப்புக் கிரானைட்டில் இது பயன்படாது.

கல்லை ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊறவிட்டு, துணியால் துடைத்து எடை போடுங்கள். ஒரு பிளாஸ்டிக் டம்ளரில் முக்கால்வாசி தண்ணீர் எடுத்துத் தராசில் வைத்து அளவைப் பூஜ்யமாக்குங்கள். கல்லை நூலில் கட்டி, டம்ளரின் அடியிலும் பக்கத்திலும் படாமல் தண்ணீருக்குள் முழுவதும் மூழ்கும்படி தொங்கவிடுங்கள். தராசு இப்போது காட்டும் கிராம் எவ்வளவோ அவ்வளவு கன சென்டிமீட்டர் கல்லின் பருமன். முதல் எடையை இதால் வகுத்தால் அடர்த்தி. 52.3 கிராம் கல்லுக்குத் தண்ணீரில் 20.4 வந்தால் 2.56, அது பொட்டாஷ் ஃபெல்ட்ஸ்பார். அதே எடைக்கு 19.7 வந்தால் 2.65, அது குவார்ட்ஸ். ஆல்பைட் 2.62, லாப்ரடோரைட் 2.70-ஐ ஒட்டி, அனார்த்தைட் 2.76.

தண்ணீரில் ஒரு சொட்டுச் சோப்புத் திரவம் விடுங்கள். இல்லாவிட்டால் காற்றுக்குமிழ் ஒட்டிக்கொண்டு பருமனைக் கூட்டிக் காட்டும், அடர்த்தி குறைந்து தெரியும். கல் அடியைத் தொட்டாலும் அதே பிழைதான். மூன்று முறை அளந்து மூன்றும் 0.02-க்குள் ஒத்து வராவிட்டால் எங்கோ பிழை. இந்தத் தராசில் பொட்டாஷ் ஃபெல்ட்ஸ்பாரைக் குவார்ட்ஸிலிருந்து நன்றாகப் பிரிக்கலாம். ஆல்பைட்டைக் குவார்ட்ஸிலிருந்து பிரிப்பது சந்தேகம்தான். அதற்குப் பிளவுத்தளம் இருக்கவே இருக்கிறது.

படி 6: வெளியே போகும்போது

யானைமலை, அரிட்டாபட்டி, கீழவளவு, திருப்பரங்குன்றம் எல்லாம் சமணப் படுக்கைகளும் கல்வெட்டுகளும் குடைவரைகளும் உள்ள மலைகள். அங்கே சுத்தியலைப் பையிலிருந்து எடுக்கவே கூடாது. உதிர்ந்த சில்லைக்கூட எடுத்து வர வேண்டாம். அரிட்டாபட்டி 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாகவும் அறிவிக்கப்பட்டது. லென்ஸும் கண்ணும் கொண்டு எவ்வளவு வேண்டுமானாலும் பாருங்கள். இயற்கையாகப் பெயர்ந்த முகங்கள் பார்ப்பதற்குத் தாராளமாக உண்டு.

கைவிட்ட குவாரிக் குழிகளில் பல பனை ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கும், விளிம்பு செங்குத்து. தனியாகப் போகாதீர்கள், குழந்தைகளை அழைத்துப் போகவே போகாதீர்கள். இயங்கும் குவாரிக்கு உரிமையாளரின் அனுமதி வேண்டும், வெடி வைக்கும் நேரத்தையும் கேட்டுக்கொள்ள வேண்டும். விற்பனைக்கு அள்ளுவதற்கு உரிமம் தேவை: ஃபெல்ட்ஸ்பார் 2015-இல் சிறுகனிமப் பட்டியலுக்குப் போய், 2025 பிப்ரவரியில் மறுபடியும் பெருங்கனிமமாக மாற்றப்பட்டிருக்கிறது. பழைய விதிமுறையைச் சொல்லி யாராவது உறுதி கொடுத்தால், ஆட்சியர் அலுவலக வளாகத்தில் உள்ள கனிமவளத் துறையில் நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இனி, இந்த வட்டாரத்தில் குழப்பும் பாறைகள். முதலிடம் சார்னோகைட்டுக்கு. 1893-இல் ஹாலந்து என்ற புவியியலாளர் சென்னை பரங்கிமலைப் பக்கத்துப் பாறைக்கு வைத்த பெயர் இது. கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னோக்கின் கல்லறைக்கல் அந்தப் பாறையில் செய்தது என்பதால் வந்த பெயர். தென் தமிழ்நாட்டின் மலைகளில் பெரும்பகுதி இந்த இனம். புதிதாக உடைத்தால் இதில் குவார்ட்ஸ் நீலச் சாம்பலாகவும், ஃபெல்ட்ஸ்பார் எண்ணெய்ப் பிசுக்குள்ள கரும்பச்சையாகவும் இருக்கும். இவ்வளவு கறுப்பாக ஃபெல்ட்ஸ்பார் இருக்குமா என்று நம்ப மனம் வராது. வெயிலில் திருப்பிப் பாருங்கள்: அந்தப் பச்சை மணிகள் தட்டையாக மின்னும், செங்கோணப் படி தெரியும், பல மணிகளில் வரிக்கோடும் இருக்கும். வெயில் மழை பட்ட புறத்தோலில் பச்சை போய்ப் பழுப்பாகிவிடுவதால், ஒரே பாறையின் உள்ளும் புறமும் இரண்டு வேறு கற்களாகத் தெரியும்.

கறுப்பு கிரானைட் என்று விற்பது உண்மையில் கிரானைட்டே அல்ல. டோலரைட் அல்லது காப்ரோ என்ற கருநிறப் பாறை. அதிலும் ஏறக்குறைய பாதி பிளாஜியோகிளேஸ். உடைந்த முகத்தில் குச்சி குச்சியாகக் கிடக்கும் சாம்பல் படிகங்களைத் தேடுங்கள்.

பிளாஜியோகிளேஸை ஆசைதீரப் பார்க்க வேண்டுமானால் திண்டுக்கல்லைத் தாண்டி ஒட்டன்சத்திரம், அல்லது கரூர் மாவட்டத்துக் கடவூர். இரண்டு இடத்திலும் அனார்த்தோசைட் இருக்கிறது. நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் பிளாஜியோகிளேஸே ஆன பாறை அது. நிலவின் வெளிறிய மேட்டுப் பகுதிகளும் இதே இனப் பாறைதான். நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியின் அனார்த்தோசைட்டை அரைத்துத்தான் இஸ்ரோ சந்திரயான்-2 சோதனைகளுக்கு நிலவு மண் போன்ற மண்ணைத் தயாரித்தது. நம் கையெட்டும் தூரத்தில் இப்படி ஒரு பாறை இருப்பதைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு யாராவது காட்ட வேண்டும்.

பொட்டாஷ் ஃபெல்ட்ஸ்பாரைக் கையளவு படிகமாகப் பார்க்க, மிகப் பெரிய படிகங்களால் ஆன பெக்மடைட் என்ற பாறை வேண்டும். கரூர், காங்கேயம் பக்கம் இது நரம்பு நரம்பாகப் பாறையைக் குறுக்கே வெட்டி ஓடும். ஒரு அடி தட்டினாலே செங்கோணத் துண்டுகளாகப் பெயரும். படி 2-ஐ யாருக்காவது சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல கல் கிடையாது.

மணிக்கல்லாக வருபவை

ராசிக்கல் கடைகளில் சந்திரகாந்தக் கல் என்று விற்பது ஃபெல்ட்ஸ்பார்தான், காங்கேயம் பகுதியில் தோண்டி எடுக்கிறார்கள். பெர்த்தைட் பற்றி மேலே சொன்ன அதே பிரிவு, ஒளியின் அலைநீள அளவுக்கு மெல்லிய தகடுகளாக நடந்தால் கல்லுக்குள் ஒளி சிதறி, மேலே ஒரு பால்வெளிச்சம் மிதக்கிறது. தகடு மெலிய மெலிய வெளிச்சம் நீலமாகும், தடித்தால் வெள்ளையாகும். வாங்கும்போது கல்லை அசைத்துப் பாருங்கள். வெளிச்சம் குவிந்த முகட்டின் குறுக்கே நகர வேண்டும். ஒப்பலைட் என்ற கண்ணாடியில் நீலம் கல் முழுக்கப் பரவி நிற்கும், விளக்குக்கு நேரே பிடித்தால் ஆரஞ்சாகத் தெரியும், லென்ஸில் உருண்டைக் குமிழ்கள் இருக்கும்.

பல வண்ணம் காட்டும் ‘ரெயின்போ மூன்ஸ்டோன்’ பிளாஜியோகிளேஸ் இனத்தைச் சேர்ந்த லாப்ரடோரைட். அழகான கல்லே, ஆனால் சந்திரகாந்தம் என்று சொல்லி விற்பது தவறு. 5 கிராம் கல்லைத் தண்ணீரில் தொங்கவிட்டால் சந்திரகாந்தம் 1.94 காட்டும், லாப்ரடோரைட் 1.85. இவ்வளவு சிறிய வித்தியாசத்துக்கு 0.01 கிராம் தராசு வேண்டும்.

சூரியகாந்தக் கல்லில் பொன் மினுக்கம் வருவது உள்ளே கிடக்கும் ஹெமடைட் தகடுகளால். தகடுகள் பெரிதும் சிறிதுமாக, ஒரே திசையில் படிந்திருந்தால் இயற்கை. பழுப்புக் கண்ணாடிக்குள் ஒரே அளவில் நெருக்கமாகத் தூவியது போலிருந்தால் அது தாமிரம் கலந்து செய்த செயற்கைக் கண்ணாடி. பச்சை அமேசோனைட் மைக்ரோகிளைன் வகை, ஈயத்தின் சாயல் அது. அதில் வெள்ளைப் பெர்த்தைட் இழைகளும் தட்டைப் பிளவும் தெரிய வேண்டும். பச்சை அவென்சூரின் குவார்ட்ஸ், அதில் பிளவு இருக்காது. சமையல் மேடைக்கு வரும் ‘புளூ பேர்ல்’ நார்வேயின் லார்விக் பகுதிக் கல். நீலமாக மின்னுவது அதன் ஃபெல்ட்ஸ்பாரே, ஆனால் லாப்ரடோரைட் அல்ல.

சந்திரகாந்தத்தை நீங்களே தீட்ட நினைத்தால், திசைதான் எல்லாம். நனைத்த கல்லை ஒற்றை விளக்கின் கீழ் திருப்பி, வெளிச்சம் அதிகமாக எழும் பரப்பைக் கண்டு பென்சிலால் குறியுங்கள். கல்லின் அடித்தளம் அந்தப் பரப்புக்கு இணையாக இருக்க வேண்டும். சாய்ந்துவிட்டால் ஒளி ஓரத்துக்கு ஒதுங்கிவிடும், பிறகு சரிசெய்ய முடியாது. 220, 600, 1200, 3000 என்ற எண்களுள்ள தீட்டுப்பொருளில் (எண் கூடக்கூட மென்மை) வரிசையாகத் தீட்டி, சீரியம் ஆக்சைடு என்ற மெருகுப்பொடியில் மெருகேற்றுங்கள். ஒரு படியின் கீறல் முழுவதும் போகாமல் அடுத்ததற்குப் போனால் கடைசி மெருகில் அது வெளியே வரும். அழுத்தமும் சூடும் கூடினால் கல் பிளவுத்தளத்தில் விண்டுவிடும். எப்போதும் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். கூடவே இருக்கும் குவார்ட்ஸின் உலர்ந்த தூசு நுரையீரலில் தங்கினால் சிலிகோசிஸ் வரும், அதற்குத் திரும்பும் வழி கிடையாது.

எழுதி வைப்பது

ஒவ்வொரு கல்லிலும் ஒரு மூலையில் வெள்ளைப் பெயின்ட் ஒரு பொட்டு வைத்து, காய்ந்ததும் மார்க்கரால் எண் எழுதுங்கள். புதிதாக உடைந்த முகத்தின்மேல் பொட்டு வைக்காதீர்கள். நோட்டில் அந்த எண்ணுக்கு எதிரே ஊர், எந்தச் சாலையிலிருந்து எந்தப் பக்கம், பாறையில் பதிந்திருந்ததா உதிர்ந்து கிடந்ததா, தேதி ஆகியவற்றை அங்கேயே எழுதிவிடுங்கள். "மதுரை" என்று மட்டும் எழுதிய கல் பிறகு யாருக்கும் பயன்படாது. கனிமத்தின் பெயரைப் பென்சிலால் எழுதி, பக்கத்தில் எதைப் பார்த்து அந்த முடிவுக்கு வந்தீர்கள் என்று குறியுங்கள்: "வரிக்கோடு தெரிந்தது", "அடர்த்தி 2.57", "பெர்த்தைட் இழை" என்பதுபோல. செய்தித்தாளில் தனித்தனியாகச் சுற்றிப் பெட்டியில் வையுங்கள். ஒன்றோடொன்று உரசினால் பிளவுத்தளத்தின் விளிம்புகள்தான் முதலில் சிதறும்.